நெடுந்தூர ஓட்டக்காரரும் வயிற்றுப் பயிற்சியும்

நெடுந்தூர ஓட்டத்துக்கு மாணவரைத் தயார் செய்யும் பள்ளி மைதானங்கள் பலவற்றில் ஒரு காட்சியைக் காணலாம். ஓட்டம் முடிந்ததும் மாணவர்கள் இருவர் இருவராகப் பிரிகின்றனர். ஒருவன் மல்லாந்து படுக்கிறான். மற்றவன் அவனுடைய கணுக்கால்களை அழுத்திப் பிடித்துக்கொள்கிறான். படுத்தவன் எழுந்து முழங்காலைத் தொட்டு மீண்டும் படுக்கிறான். ஆசிரியர் எண்ணிக்கை சொல்கிறார். ஐம்பது, எழுபது, நூறு என எண்ணிக்கை உயர உயர, பயிற்சியும் உயர்ந்துவிட்டதாக யாவரும் திருப்தியடைகின்றனர். வலிமைப் பயிற்சி என்ற பெயரால் அங்கு நடைபெறுவது பெரும்பாலும் இவ்வளவே.

இவ்வழக்கத்தில் நல்லெண்ணத்துக்குக் குறைவில்லை. இதற்குக் கருவி வேண்டுவதில்லை, செலவும் இல்லை, நாற்பது மாணவரை ஒரே சமயத்தில் ஈடுபடுத்தலாம். ஆயினும் இதன் அடியில் இரண்டு தவறான கருத்துக்கள் உள்ளன. ஓட்டக்காரருக்கு வேண்டிய வலிமை வயிற்றில்தான் இருக்கிறது என்பது முதலாவது. வயிற்றுத் தசைகளின் வேலை உடலை மடக்குவது என்பது இரண்டாவது. இவ்விரண்டையும் விடுத்தாலன்றி, மாணவர் சிந்தும் வியர்வைக்குத் தக்க பயன் கிட்டாது.

நெடுந்தூர ஓட்டத்தின் திறமை முக்கியமாக மூன்று அம்சங்களைப் பொறுத்தது. உடல் ஒரு நிமிடத்தில் அதிகபட்சமாக எவ்வளவு பிராணவாயுவைப் பயன்படுத்த முடியும் என்பது ஒன்று. அந்த உச்ச அளவில் எத்தனை பங்கைக் களைப்பின்றி நீண்ட நேரம் தாக்குப்பிடிக்க முடியும் என்பது மற்றொன்று. குறிப்பிட்ட வேகத்தில் ஓடுவதற்கு எவ்வளவு பிராணவாயு செலவாகிறது என்பது மூன்றாவது. இதனை ஓட்டச் சிக்கனம் எனலாம். ஒரே அளவு டீசல் நிரப்பிய இரு லாரிகளுள் ஒன்று மற்றதைவிட அதிகத் தூரம் செல்வதுபோல, சம அளவு மூச்சுத் திறமை வாய்ந்த இரு ஓட்டக்காரருள் சிக்கனமாக ஓடுபவரே முந்துகிறார். முதல் இரண்டு அம்சங்களும் ஓட்டப் பயிற்சியால் வளர்கின்றன. மூன்றாவது அம்சத்துக்கு வலிமைப் பயிற்சி துணை செய்கிறது.

அது எவ்வாறெனில், ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் பாதம் தரையில் மோதும் விசை உடல் எடையைப் போல் இரண்டு மூன்று மடங்காகும். நிமிடத்துக்கு 170 அடி வீதம் 50 நிமிடம் ஓடுபவர் 8,500 தடவை இம்மோதலை ஏற்கிறார். கெண்டைக்கால் தசையும் குதிகால் தசைநாணும் வில்போல் இழுபட்டு மீள்வதால், மோதலின் சக்தியில் ஒரு பகுதி அடுத்த அடிக்குத் திரும்பக் கிடைக்கிறது. தசைநாண் விறைப்பாகவும், தசை இழைகளை நரம்புகள் விரைவாக ஏவக்கூடியதாகவும் இருக்குமாயின், திரும்பக் கிடைக்கும் பங்கு அதிகமாகும். வலிமைப் பயிற்சி வளர்ப்பது இத்தன்மைகளையே.

இதற்குப் பரிசோதனைச் சான்றுகள் உள்ளன. 1999-ம் ஆண்டில் பின்லாந்து நாட்டில் பாவோலைனனும் அவருடைய குழுவினரும் வெளியிட்ட ஆய்வில், தேர்ந்த ஓட்டக்காரர் 18 பேர் இரு பிரிவினராக 9 வாரம் பயின்றனர். ஒரு பிரிவினர் தம் பயிற்சி நேரத்தில் 32 சதவீதத்தைக் குறுந்தூர விரைவோட்டம், தாவல், விரைவான கால் பயிற்சிகள் ஆகியவற்றில் செலவிட்டனர். அவர்களுடைய 5 கிலோமீட்டர் ஓட்ட நேரம் குறைந்தது. அவர்களது பிராணவாயு உச்ச அளவோ உயரவில்லை. ஓட்டச் சிக்கனமே உயர்ந்தது. நார்வே நாட்டில் 2008-ல் வெளியான மற்றோர் ஆய்வில், பயிற்சி பெற்ற ஓட்டக்காரர்கள் வாரம் மூன்று நாள் வீதம் 8 வாரம் கனத்த பளுவுடன் அரைப் பஸ்கி செய்தனர். அவர்களுடைய ஓட்டச் சிக்கனம் 5 சதவீதம் மேம்பட்டது. உடல் எடை கூடவில்லை.

இந்தக் கடைசிச் செய்தி நம் நாட்டுப் பயிற்சியாளர்களிடையே நிலவும் ஓர் அச்சத்துக்கு விடையாகும். பளு தூக்கினால் உடல் பருத்து ஓட்டம் மந்தமாகிவிடும் என்று பலர் கருதுகின்றனர். வாரத்தில் பல மணி நேரம் ஓடுபவரின் உடல், இரண்டு நாட்பளுப் பயிற்சியால் பயில்வான் உடலாக மாறுவதில்லை. 1960-ம் ஆண்டு ரோம் ஒலிம்பிக்கில் 1,500 மீட்டர் ஓட்டத்தை 3 நிமிடம் 35.6 விநாடியில் ஓடி உலக சாதனையுடன் தங்கம் வென்ற ஆஸ்திரேலியர் ஹெர்ப் எலியட், தம் ஆசான் பெர்சி செருட்டியின் மேற்பார்வையில் மணற்குன்றுகளில் ஏறி ஓடியதுடன் பளுவும் தூக்கியவர். அதே ஒலிம்பிக்கில் பீட்டர் ஸ்நெல், மர்ரே ஹால்பர்க் ஆகிய இருவரையும் தங்கப் பதக்கத்துக்கு உரியவராக்கிய நியூஸிலாந்துப் பயிற்சியாளர் ஆர்தர் லிடியார்டு, மேட்டுச் சரிவில் துள்ளி ஏறும் பயிற்சியால் கால் வலிமையை வளர்த்தார். வழிகள் வேறு, நோக்கம் ஒன்றே.

எதற்கும் ஓர் எல்லை உண்டு. அமெரிக்காவில் ராபர்ட் ஹிக்ஸன் 1980-ல் வெளியிட்ட ஆய்வு இதனைக் காட்டுகிறது. வலிமைப் பயிற்சியையும் தாங்குதிறன் பயிற்சியையும் கடுமையாக ஒருங்கே மேற்கொண்டவர்களுடைய வலிமை முதல் சில வாரங்களில் வளர்ந்து, பத்து வாரப் பயிற்சியின் இறுதியில் பின்னடைந்தது. ஆனால் அவர்களுடைய தாங்குதிறன் குன்றவில்லை. ஆகவே ஓட்டக்காரர் அஞ்ச வேண்டியது பளுவை அன்று. ஓய்வின்றி எல்லாவற்றையும் ஒரே நாளில் திணிக்கும் அவசரத்தையே.

இனி வயிற்றுக்கு வருவோம். வயிற்றுச் சுவரில் நேராக இறங்கும் தசை ஒன்றும், பக்கங்களில் சாய்வாக ஓடும் இரு அடுக்குகளும், அவற்றுக்கு உள்ளே இடுப்பைக் கச்சைபோல் சுற்றிய ஓர் அடுக்கும் உள்ளன. மேலே உதரவிதானமும், கீழே இடுப்புத் தளத் தசைகளும், பின்னே முதுகெலும்பை ஒட்டிய சிறு தசைகளும் சேர்ந்து இதனை ஒரு பெட்டகமாக்குகின்றன. ஓட்டத்தின்போது இப்பெட்டகம் முன்னும் பின்னும் மடங்குவதில்லை. இடக்கால் ஊன்றும்போது இடுப்பின் வலப்புறம் தொய்யாமலும், கைவீச்சுக்கும் கால்வீச்சுக்கும் இடையே உடல் அளவுமீறித் திருகாமலும் தாங்கிப் பிடிப்பதே அதன் பணி. அதுவும், மூச்சு தடையின்றி உள்ளே சென்று வெளிவர இடந்தந்து தாங்க வேண்டும். தாங்கும் தசையை மடக்கிப் பழக்குவது, கதவின் நிலையைக் கதவைப்போல் ஆட்டிப் பார்ப்பதற்கு ஒப்பாகும்.

படுத்தெழும் பயிற்சியில் வேறு குறைகளும் உண்டு. தோள் தரையைவிட்டு உயர்ந்த பிறகு, உடலை மேலும் எழுப்புவது பெரும்பாலும் இடுப்பு மடக்குத் தசைகளே. பாதங்களைப் பிறர் பிடித்துக்கொண்டால் இது இன்னும் அதிகமாகும். கனடா நாட்டின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் முதுகெலும்பை ஆராய்ந்த ஸ்டூவர்ட் மக்கில், ஒரு முறை படுத்தெழுவதால் கீழ்முதுகில் ஏறத்தாழ 3,300 நியூட்டன் அழுத்தம் விழுவதாகக் கணக்கிட்டார். இது சுமார் 340 கிலோ எடைக்குச் சமம். பன்றிகளின் முதுகெலும்புத் துண்டுகளை அழுத்தத்துடன் பல்லாயிரம் தடவை மடக்கிய அவருடைய சோதனைகளில் எலும்பிடைத் தட்டுகள் பிதுங்கின. உயிருள்ள உடல் இரவில் தன்னைச் சீராக்கிக்கொள்ளும். சோதனைச் சாலைத் துண்டுக்கு அத்திறமை இல்லை. ஆகவே ஒரு மாணவன் பத்து முறை படுத்தெழுந்தால் முதுகு கெடும் என்பது பொருளன்று. பயன் குறைந்த ஒரு செயலுக்காக, நாள்தோறும் நூறு தடவை அச்சுமையை வளரும் முதுகின்மீது ஏற்றுவானேன் என்பதே கேள்வி.

இக்கேள்வியை அமெரிக்க ராணுவமும் எழுப்பிக்கொண்டது. 1980 முதல் பல்லாண்டுகள் அதன் உடல்தகுதிச் சோதனையில் இரண்டு நிமிடப் படுத்தெழும் பயிற்சி இடம்பெற்றிருந்தது. 2022-ல் நடைமுறைக்கு வந்த சோதனையில் அதன் இடத்தைப் பலகை நிலை பெற்றது. நம் நாட்டில் 2019 ஆகஸ்டு 29-ந் தேதி தொடங்கிய ஃபிட் இந்தியா இயக்கத்தின் பள்ளிச் சோதனைகளிலும், தலையையும் தோளையும் மட்டும் சிறிது உயர்த்தும் பகுதிச் சுருட்டலே குறிக்கப்பட்டுள்ளது. சோதனைத் தாள் மாறிய பின்னும் மைதானம் மாறாதிருப்பது பொருத்தமன்று.

இங்கு எதிர்ப்புறத்துக்கும் ஓர் எச்சரிக்கை கூற வேண்டும். படுத்தெழுவதை விடுத்து, பலகை நிலையையே ஐந்து நிமிடம், பத்து நிமிடம் என்று போட்டியாக்குவதும் அதே பிழையின் மறுவடிவமாகும். 2004-ல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இளம் விளையாட்டு வீரருக்கு 6 வாரம் பெரிய காற்றுப் பந்தின்மீது நடுவுடல் பயிற்சி அளித்தனர். நடுவுடலின் உறுதி வளர்ந்தது. ஓட்டச் சிக்கனம் மாறவில்லை. 2009-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்விலோ, பொழுதுபோக்காக ஓடுபவர்கள் 6 வாரப் பயிற்சிக்குப்பின் 5,000 மீட்டரை முன்னிலும் விரைவாக ஓடினர். சான்றுகள் இவ்வாறு இருபுறமும் நிற்பதால், நடுவுடல் பயிற்சியைக் கறியில் உப்புப்போல் அளவாகச் சேர்ப்பதே அறிவுடைமை. கால், இடுப்பு ஆகியவற்றின் வலிமையே சோறு.

அங்ஙனமாயின், கருவியற்ற ஒரு கிராமப் பள்ளி செய்யக்கூடியது யாது? வாரத்தில் இரண்டு நாள், நாளொன்றுக்கு முப்பது நிமிடம் போதும். இடையில் இரண்டு நாளேனும் விடுவது நன்று. போட்டிக்கு முந்திய நாளில் கூடாது. முதலில் ஓர் உறுதியான திண்ணை அல்லது பெஞ்சின்மீது ஒவ்வொரு காலாலும் எட்டு முறை ஏறி இறங்குதல். பழகிய பின் தோளில் சிறு மணல் மூட்டை. அடுத்து, படி விளிம்பில் ஒற்றைக் காலில் நின்று குதிகாலை உயர்த்தித் தாழ்த்துதல், பன்னிரண்டு முறை. பின்னர், மல்லாந்து முழங்காலை மடக்கி இடுப்பை உயர்த்துதல். இவை ஒவ்வொன்றும் மூன்று சுற்று. நம் நாட்டுத் தண்டாலும் பஸ்கியும் இத்திட்டத்தில் இயல்பாகப் பொருந்தும். உடலைத் தொய்யவிடாது செய்யும் தண்டால், அசையும் பலகை நிலையன்றி வேறில்லை. இறுதியில் கயிறு தாண்டுதல் அல்லது சிறு துள்ளல்கள் சில. முதல் மாதத்தில் நாற்பது ஐம்பதுக்கு மேல் வேண்டா.

நடுவுடலுக்கு மூன்று பயிற்சிகள் போதும். ஒரு முழங்காலை மடக்கி, கைகளைக் கீழ்முதுகின் அடியில் வைத்துத் தலையையும் தோளையும் சற்றே உயர்த்துதல் ஒன்று. பக்கவாட்டில் முழங்கையை ஊன்றி உடலை நேராகத் தாங்குதல் இரண்டு. கைகளாலும் முழங்கால்களாலும் நின்று, வலக்கையையும் இடக்காலையும், பின்னர் இடக்கையையும் வலக்காலையும் நீட்டுதல் மூன்று. ஒவ்வொன்றையும் பத்து விநாடி நிறுத்தி, ஐந்தாறு தடவை செய்தல் வேண்டும். மூச்சை அடக்கலாகாது. நிலை குலைந்தவுடன் நிறுத்துவதே விதி.

பிள்ளைகள் பளு தூக்கினால் வளர்ச்சி தடைப்படும் என்ற எண்ணமும் பரவலாக உள்ளது. தக்க மேற்பார்வையில் அளவோடு செய்யப்படும் பயிற்சி வளர்ச்சியைக் கெடுப்பதாகச் சான்று இல்லை. 5 முதல் 17 வயதுவரை உள்ளோர் வாரம் மூன்று நாளேனும் தசையையும் எலும்பையும் வலுப்படுத்தும் செயல்களில் ஈடுபடல் வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2020-ம் ஆண்டு வழிகாட்டுதல்.

பயிற்சியைப் பற்றிப் பேசும்போது உணவை மறத்தலாகாது. 2019-21-ல் நடந்த தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59.1 சதவீதத்தினருக்கும், அதே வயது ஆண்களில் 31.1 சதவீதத்தினருக்கும் இரத்தச்சோகை உள்ளது. இரத்தம் குறைந்த உடலுக்குப் பிராணவாயுவும் குறைவாகவே கிடைக்கும். அத்தகைய சிறுமியிடம் வயிறு குறைய வேண்டும் என்று கூறிப் படுத்தெழச் சொல்வது இரட்டைத் தீங்கு. வயிற்றுப் பயிற்சி வயிற்றுக் கொழுப்பைத் தனியே கரைப்பதில்லை. உண்ணாமல் ஓடுவதோ மாதவிலக்கைத் தடுத்து எலும்பையும் நலிவிக்கும். ஓட்டத்தில் பின்தங்கும் மாணவியைச் சோம்பல் என்று கடிவதற்குமுன், அவள் காலையில் உண்டாளா என்று கேட்பதும், சுகாதார ஊழியரிடம் இரத்தப் பரிசோதனைக்கு அனுப்புவதும் ஆசிரியர் கடமையாகும்.

இவற்றையெல்லாம் வெறும் விளையாட்டுக் காரியமாக எண்ணலாகாது. ராணுவ ஆள்சேர்ப்பு முகாமில் 1.6 கிலோமீட்டர் ஓட்டமும், உத்தரத்தைப் பற்றி உடலை உயர்த்தும் சோதனையும் உண்டு. அவற்றுக்காக விடியுமுன் சாலையோரங்களில் ஓடும் கிராம இளைஞருக்குப் பயிற்சியாளர் இல்லை. உள்ளூர்ப் பள்ளி ஆசிரியரோ களப் பணியாளரோ சொல்வதே அவர்களுக்குச் சாத்திரம். முதுகுப் பிடிப்பாலோ கால் எலும்பில் விழும் கீறலாலோ முகாமைத் தவறவிடும் இளைஞனுக்கு, வயது வரம்பு காத்திருப்பதில்லை. 2014-ல் தொகுத்து வெளியிடப்பட்ட 25 பரிசோதனைகளின் முடிவுகள், வலிமைப் பயிற்சி விளையாட்டுக் காயங்களை வெகுவாகக் குறைப்பதைக் காட்டின. அவை பலவகை விளையாட்டினரையும் பற்றியவை. ஓட்டக்காரருக்கும் அதே அளவு பயன் உறுதி என்று கொள்ளலாகாதெனினும், புறக்கணிக்கத்தக்கவை அல்ல.

ஆகவே, மைதானத்தில் எண்ணிக்கை சொல்லும் வழக்கத்தை ஆசிரியர்கள் ஒரு பருவத்துக்கு நிறுத்திப் பார்ப்பது நலம். பருவத் தொடக்கத்தில் ஒவ்வொரு மாணவனும் ஒற்றைக் காலில் எத்தனை முறை குதிகாலை உயர்த்துகிறான், 600 மீட்டரை எவ்வளவு நேரத்தில் ஓடுகிறான், முதுகிலோ முழங்காலிலோ வலி உண்டா என்று ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளலாம். மூன்று மாதம் கழித்து அதே மூன்றையும் மீண்டும் குறிக்கலாம். மாணவனுக்கு வந்த நன்மையை அந்த நோட்டே கூறும். நூறு முறை படுத்தெழுந்தான் என்ற கணக்கு அதனைக் கூறாது.