பூஜை அறைக்கு வந்த ஓவியம்



கண்ணை மூடிக்கொண்டு சரஸ்வதியை நினைத்துப் பாருங்கள். வெள்ளைப் புடவை, கையில் வீணை, பக்கத்தில் மயில். நம்மில் பலருக்கும் இந்த உருவம்தானே தோன்றுகிறது?

1896-ல் ராஜா ரவிவர்மா எண்ணெய் வண்ணத்தில் வரைந்த சரஸ்வதி இவள். அசலை நேரில் பார்த்தவர்கள் நம்மில் எத்தனை பேர்? ஆனாலும் எல்லோருக்கும் அவளைத் தெரியும். காரணம், அச்சு.

ரவிவர்மாவின் ஓவியங்கள் பெரும்பாலும் அரண்மனைகளுக்கும் பெரிய மனிதர்களின் மாளிகைகளுக்கும்தான் போய்க்கொண்டிருந்தன. கும்பகோணத்தில் பிறந்து, திருவிதாங்கூரிலும் பரோடாவிலும் திவானாக இருந்த மாதவ ராவ், அவற்றை அச்சிடலாமே என்று யோசனை சொன்னார். 1894-ல் மும்பையில் ரவிவர்மாவின் அச்சகம் தொடங்கியது. ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனிக் கல். ஒரே தாளைக் கல் மாற்றிக் கல் பதித்து எடுத்து, வார்னிஷ் பூசினால் எண்ணெய் ஓவியத்தின் பளபளப்பு வந்துவிடும்.

ரவிவர்மா பிறந்த திருவிதாங்கூரிலேயே எல்லாச் சாதி இந்துக்களுக்கும் கோயில் கதவு திறந்தது 1936-ல்தான். அதற்கு 42 ஆண்டுகளுக்கு முன்பே, சந்நிதிக்குள் விடப்படாதவர்களும் வாங்கி மாட்டக்கூடிய சாமி படம் கடைத்தெருவுக்கு வர வழி பிறந்துவிட்டது. இது சின்ன விஷயமா?

நகல் பெருகினால் கலைக்கு மதிப்புப் போய்விடும் என்பார்கள். நம் வீடுகளில் நடந்தது வேறு. படத்தை வாங்கியவர்கள் அப்படியே மாட்டிவிடவில்லை. லட்சுமியின் புடவைமேல் ஜரிகைத் துணியை அளவாக வெட்டி ஒட்டினார்கள். ஓரத்தில் சமிக்கி தைத்தார்கள். கழுத்துக்குக் குட்டி மணிகள் கோத்தார்கள். செட்டிநாட்டு வீடுகளில் இப்படிப்பட்ட படங்களை இன்றும் பார்க்கலாம். எத்தனையோ பிரதிகளில் ஒன்றாக வந்த தாள், அந்த வீட்டுக்கே உரிய படமாகிவிட்டது.

பிறகு சிவகாசி காலண்டர்கள் வந்தன. கோவில்பட்டி கொண்டையராஜுவும் அவருடைய சீடர்களும் வரைந்த சாமிகள் வீடு வீடாகப் போனார்கள். வருஷம் முடிந்தாலும் படத்தைத் தூக்கிப்போட மனசு வராமல், வெட்டி ஃபிரேம் போட்டு வைத்த வீடுகள் எத்தனை!

இப்போது வெள்ளிக்கிழமை விடிந்தால் வாட்ஸ்அப்பில் மகாலட்சுமி படங்கள் வரிசையாக வருகின்றன. பார்க்கிறோம், ஃபார்வேர்டு செய்கிறோம், ஸ்டோரேஜ் நிறைந்ததும் மொத்தமாக அழிக்கிறோம். செல்போனைக் குறை சொல்லிப் பயனில்லை. உலகத்து ஓவியங்களையெல்லாம் நம் குழந்தைகள் கைக்குக் கொண்டு வந்திருப்பதும் அதுதான். குறைந்திருப்பது, ஒரு படத்தோடு நாம் இருக்கும் நேரம்.

அதனால் ஒரு வேண்டுகோள். வரும் விடுமுறையில் குழந்தைகளை ஓர் அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போங்கள். சென்னை எழும்பூரிலும் திருவனந்தபுரத்திலும் ரவிவர்மாவின் அசல் ஓவியங்கள் உள்ளன. செல்போனை எடுக்க விடாமல் ஒரே ஒரு படத்தின் முன்னால் கொஞ்ச நேரம் நிறுத்துங்கள். புடவை மடிப்பில் வெளிச்சம் எங்கே விழுகிறது என்று கேளுங்கள். பிறகு அவர்களுக்குப் பிடித்த ஒரு படத்தை பிரின்ட் எடுத்து, வீட்டில் அவர்கள் கையாலேயே மாட்டச் சொல்லுங்கள்.

உங்கள் வீட்டிலேயே மிகப் பழைய படம் எது? அதை வாங்கியவர் யார், யார் கைபட்டு அது அழகானது? பெரியவர்களிடம் கேட்டு எங்களுக்கு எழுதுங்கள். காத்திருக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்