சித்தப்பா கொடுத்தால் அன்பளிப்பு, சித்தப்பாவுக்குக் கொடுத்தால் வருமானம்

துபாயில் இருக்கும் சித்தப்பா, ஊரில் படிக்கும் அண்ணன் மகனுக்கு 20 லட்சம் ரூபாய் அனுப்பினால் ஒரு பைசா வரி கிடையாது. அதே பிள்ளை படித்து முடித்து, சிங்கப்பூரில் வேலைக்குச் சேர்ந்து, ஊர் திரும்பிவிட்ட சித்தப்பாவின் அறுவை சிகிச்சைக்கு 20 லட்சம் அனுப்பினால் அது சித்தப்பாவின் வருமானம். அவருக்கு வேறு வருமானமே இல்லையென்றாலும், 2025-26 நிதியாண்டின் புதிய முறை விகிதப்படி செஸ் சேர்த்து 2,08,000 ரூபாய் வரி கட்ட வேண்டும். ஆட்களும் உறவும் தொகையும் மாறவில்லை. பணம் போகும் திசை மட்டும் மாறியிருக்கிறது. திசையைப் பார்த்து வரி போடுவதற்கு நியாயம் எதுவும் இல்லை. சட்டம் திருத்தப்பட வேண்டும்.

1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 56ஆவது பிரிவிலிருந்து வருகிறது இந்தச் சிக்கல். உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஓராண்டில் சும்மா வரும் பணம் மொத்தம் 50,000 ரூபாயைத் தாண்டினால், தாண்டிய பகுதிக்கு மட்டுமல்ல, முழுத் தொகைக்கும் வரி உண்டு. உறவினர் தந்தால் உச்சவரம்பே கிடையாது. அவர் வெளிநாட்டில் இருந்தாலும் உள்ளூரில் இருந்தாலும் ஒன்றுதான். ஆகவே சட்டம் யாரை உறவினர் என்று ஏற்கிறது என்பதுதான் முக்கியம். கணவன் அல்லது மனைவி, உடன்பிறந்தவர்கள், கணவன் அல்லது மனைவியின் உடன்பிறந்தவர்கள், பெற்றோரின் உடன்பிறந்தவர்கள், தாத்தா பாட்டி, பெற்றோர், பிள்ளை, பேரப்பிள்ளை என்று மேலும் கீழுமாகச் செல்லும் நேர்வழி, துணைவரின் நேர்வழி, இவர்களுடைய கணவன் மனைவியர் ஆகியோர் பட்டியலில் இருக்கிறார்கள். இதை நிதானமாகத் திருப்பிப் போட்டுப் பார்த்தால் ஒன்று புலப்படும். மாமனார் மருமகனுக்குத் தரலாம், மருமகனும் மாமனாருக்குத் தரலாம். மச்சான், கொழுந்தியாள், சகலை எல்லோருக்கும் இரண்டு பக்கமும் வழி திறந்திருக்கிறது. பெற்றோரின் உடன்பிறந்தவர்கள் என்ற ஓர் இனத்தில் மட்டும் ஒருவழிப் பாதை. தாய்மாமனும் அத்தையும் சித்தியும் பெரியப்பாவும் கொடுக்கலாம். தூக்கி வளர்த்த பிள்ளையிடமிருந்து வரியில்லாமல் வாங்க முடியாது.

ஏன் இப்படி எழுதினார்கள்? 1958இல் வந்த அன்பளிப்பு வரி, கொடுப்பவர் மீது விதிக்கப்பட்டது. 1998 அக்டோபர் முதல் அது நீங்கியது. பிறகு 2004 செப்டம்பரில் வாங்குபவர் மீது வரியைத் திருப்பினார்கள். சொத்து பெரியவர்களிடமிருந்து சிறியவர்களுக்குத்தான் இறங்கும் என்ற எண்ணம் உறவினர் பட்டியலின் பின்னால் இருந்திருக்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றுகிறது. நிலமும் வீடும் கைமாறும் குடும்பத்துக்கு அது பொருந்தும். சம்பாதிப்பவர்கள் இருபத்தைந்து வயதில் விமானம் ஏறிவிடும் குடும்பத்துக்குப் பொருந்தாது. 2023-24இல் வெளிநாடுவாழ் இந்தியர்கள் அனுப்பிய பணம் சுமார் 118 பில்லியன் டாலர் என்றும், அதில் தமிழ்நாட்டுக்கு வந்தது ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு என்றும் ரிசர்வ் வங்கியின் ஆய்வு சொல்கிறது. இளையவர் சம்பாதித்து மூத்தவருக்கு அனுப்புவதே இன்று பல வீடுகளின் நடைமுறை.

கல்யாணத்தை எடுத்துக்கொள்வோம். ஒருவருடைய திருமணத்தை ஒட்டி அவருக்கு வரும் அன்பளிப்புக்கு, யார் தந்தாலும் வரி கிடையாது. ஆனால் அந்தச் சலுகை மணமக்களுக்கு மட்டும்தான், அவர்களைப் பெற்றவர்களுக்கு இல்லை. குவைத்தில் இருக்கும் அக்கா மகன், தாய்மாமன் மகளின் கல்யாணத்துக்கு 15 லட்சம் அனுப்புகிறான் என்றால், அது மணப்பெண்ணின் கணக்கில் விழுந்தால் வரியில்லை. மண்டபத்துக்கும் நகைக்கடைக்கும் பணம் கட்டப்போகும் மாமாவின் கணக்கில் விழுந்தால் முழுவதும் அவர் வருமானம். இதைவிட வேதனையானது இன்னொன்று. அண்ணன் மகன் தன் அப்பாவுக்கு அனுப்பினால் வரியில்லை. அப்பா தன் தம்பிக்குக் கொடுத்தாலும் வரியில்லை. அப்பா இல்லாவிட்டால் அம்மா வழியாகவும் அதே பணம் போகும், ஏனென்றால் அண்ணி பட்டியலில் இருக்கிறார். (முன்கூட்டியே திட்டமிட்டுக் கைமாற்றியதாக அதிகாரி கேள்வி எழுப்பலாம் என்பது தனி.) அப்பா அம்மா இருவரையும் இழந்து, சித்தப்பா வீட்டில் வளர்ந்த பிள்ளைக்குத்தான் இந்த வழிகளும் அடைபடுகின்றன. நன்றிக்கடன் யாருக்கு மிக அதிகமோ அவர் கொடுக்கும்போதுதான் சட்டம் வரி கேட்கிறது.

பட்டியலை நீட்டினால் கறுப்புப் பணம் அன்பளிப்பு வேடத்தில் திரும்பி வரும் என்பார்கள். வெறும் பயமல்ல இது. வெளிநாட்டு அன்பளிப்பு என்ற பெயரில் சொந்தப் பணத்தையே வெளுத்த காலம் இருந்தது. ஆனால் அதைப் பிடிக்க 1961 சட்டத்தில் வைத்த கருவி 68ஆவது பிரிவு. உறவினர் பட்டியல் அல்ல. கொடுத்தவர் யார், அவ்வளவு கொடுக்க அவருக்கு வசதி உண்டா, பரிமாற்றம் உண்மையானதா என்ற மூன்றையும் வாங்கியவர் நிறுவ வேண்டும். சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து மேல்முறையீடாகப் போன வெளிநாட்டு அன்பளிப்பு வழக்கொன்றில், வங்கி வழியாக வந்தது என்பதாலேயே பணம் உண்மையான அன்பளிப்பு ஆகிவிடாது என்று 2007இல் உச்ச நீதிமன்றம் வருமான வரித்துறையின் பக்கம் நின்றது. அந்தக் கேள்விகள் அப்பாவின் அன்பளிப்புக்கும் பொருந்தும், அக்கா மகனின் அன்பளிப்புக்கும் பொருந்தும். ஒருவருக்கு இருபது அண்ணன் தங்கை பிள்ளைகள் இருக்கலாமே என்றால், இருபது மாமா சித்தப்பாக்களும் இருக்கலாம். அந்தக் கதவு ஏற்கெனவே திறந்துதான் கிடக்கிறது. உறவை நிரூபிக்கும் பிறப்புச் சான்றிதழும் வாரிசுச் சான்றிதழும் இரு திசைக்கும் ஒன்றே. மாறாக, நேர்மையாக வங்கி வழியாகப் பெறுபவருக்கு வரியும் நோட்டீஸும் என்றால், உண்டியலில் அனுப்பத் தூண்டுவது யார்?

12 லட்சம் வரை வருமான வரியே இல்லையே, ஏழைச் சித்தப்பாவுக்கு என்ன கவலை என்றும் கேட்கலாம். ஓய்வூதியமோ கடை வருமானமோ உள்ளவர் அந்த வரம்பை எளிதில் தாண்டிவிடுவார். மருத்துவச் செலவு என்று வந்தால் தொகையே பெரிதாக இருக்கும். கொரோனா சிகிச்சைக்கு யார் பண உதவி செய்தாலும் வரியில்லை என்று 2022இல் சட்டத்தைத் திருத்தினார்கள். நல்ல காரியம். ஆனால் புற்றுநோய்க்கு அப்படி இல்லை. வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற உறவினர் அனுப்பும் பணத்தை உள்துறைக்குத் தெரிவிக்க வேண்டிய வரம்பும் அதே ஆண்டு ஒரு லட்சத்திலிருந்து 10 லட்சமாக உயர்ந்தது. மனமிருந்தால் மாற்ற முடிகிறது. 2006 முதல் 50,000 ரூபாய் என்ற வரம்பு மட்டும் அசையவில்லை. 2026 ஏப்ரல் முதலான புதிய வருமான வரிச் சட்டமும் பழைய உறவினர் பட்டியலையே சுமந்து வந்திருக்கிறது.

கேட்பது பெரிய சலுகை அல்ல. உடன்பிறந்தவர்களின் பிள்ளைகள், துணைவரின் உடன்பிறந்தவர்களின் பிள்ளைகள் என்று ஒரு வரியைப் பட்டியலில் சேர்க்க வேண்டும். வங்கி வழியாக வந்தால் மட்டுமே செல்லும் என்று நிபந்தனை போடட்டும். ரொக்கமாக 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ வாங்கக் கூடாது, மீறினால் வாங்கிய அளவுக்கே அபராதம் என்ற விதி உறவினருக்கும் சேர்த்தே இன்று உள்ளது. அது அப்படியே இருக்கட்டும். அடுத்த நிதி மசோதா விவாதத்தில் தமிழ்நாடு, கேரள எம்.பி.க்கள் கட்சி பாராமல் சேர்ந்து இந்தத் திருத்தத்தைக் கொண்டுவர வேண்டும். அதுவரை, அண்ணன் மகனிடமிருந்து பெருந்தொகை பெற்றவர்கள் அதை ரிட்டர்னில் காட்டி வரியைக் கட்டிவிடுவதே நல்லது. அனுப்பியவரின் பாஸ்போர்ட் நகல், சம்பளச் சான்று, வங்கிக் கணக்கு விவரம், அன்பளிப்புக் கடிதம் ஆகியவற்றையும் பணம் வந்த அன்றே கேட்டு வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.