போர்டு செத்துப்போச்சா? முதலில் வயரைக் கழற்றுங்கள்

"போர்டு செத்துடுச்சு சார்!" ப்ராஜெக்ட் ரிவ்யூவுக்கு முந்தின நாள் எந்த எலக்ட்ரானிக்ஸ் லேபிலும் கேட்கக்கூடிய வசனம். பவர் விளக்கு எரியும், திரையில் ஒன்றும் வராது. உடனே மெமரி கார்டைக் கழற்றி சிஸ்டத்தை மறுபடி ஏற்றுவார்கள். சரிப்படாது. வேறு கார்டு, வேறு அடாப்டர், கடைசியில் புது போர்டுக்கு ஆர்டர்.

காரைக்கால் மாதிரி ஊரில் இந்த அவசரத் தீர்ப்பு இன்னும் கொஞ்சம் வலிக்கும். கடைமடைக்குக் காவிரித் தண்ணீர் எப்படிக் கடைசியில் வருகிறதோ, உதிரிபாகமும் அப்படித்தான். ஒன்று சென்னை ரிச்சி தெருவுக்கு ஆள் போகவேண்டும், இல்லை கூரியருக்குக் காத்திருக்கவேண்டும். அதற்குள் ரிவ்யூ முடிந்துவிடும். வேடிக்கை என்னவென்றால், குப்பைக்குப் போகும் அந்த போர்டு பல நேரம் நல்ல போர்டுதான்.

ஒரு உதாரணம். அரசலாற்றில் நீர்மட்டம் அளக்கும் கருவி செய்ய ஒரு மாணவர் பீகிள்போன் பிளாக் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்ளலாம். 2013-ல் வந்த, கைக்கடக்கமான லினக்ஸ் கம்ப்யூட்டர். கருவியை இயக்க ஒரு பட்டன் வேண்டும். பி8 வரிசையில் 43-ஆம் பின் காலியாகத் தெரிகிறது. பட்டனை அதில் இணைத்து, புத்தகத்தில் சொன்னபடி 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றை கிரவுண்டுக்குப் போடுகிறார். வயரிங்கில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் மறுமுறை பவர் கொடுத்தால் போர்டு எழுந்திருக்காது.

காரணம், அந்தப் பின்னுக்கு இரண்டு வேலை. லினக்ஸ் வந்தபிறகு அது சாதாரணப் பின். பவர் வந்த அந்தக் கணத்தில் மட்டும், சிஸ்டத்தை எங்கிருந்து ஏற்றுவது என்று பிராசஸர் கேட்கும் கேள்விக்கு பதில் சொல்லும் பின். பி8-ல் 31 முதல் 46 வரை பதினாறு பின்களும் இப்படித்தான். போர்டுக்குள்ளேயே 100 கிலோ ஓம் ரெசிஸ்டர்கள் அந்த பதில்களை எழுதி வைத்திருக்கின்றன. வெளியிலிருந்து 10 கிலோ ஓம் வந்தால் பலசாலி ஜெயிப்பான், 3.3 வோல்ட் இருக்கவேண்டிய 43-ஆம் பின்னில் 0.3 வோல்ட்தான் மிஞ்சும். போர்டிலிருக்கும் எஸ்2 பட்டனை அழுத்திப் பிடித்தால் என்ன ஆகுமோ அதேதான் நடக்கிறது. உள் மெமரியை விட்டுவிட்டு வெளி மெமரி கார்டைத் தேடும். கார்டு இல்லையென்றால் தேடிக்கொண்டே நிற்கும். சீரியல் கேபிள் போட்டுப் பார்த்தால் திரையில் 'சி' என்ற ஆங்கில எழுத்து வரிசையாக வந்துகொண்டிருக்கும். செத்த போர்டு பேசுமா?

இன்னும் பத்து பின்கள் உண்டு: 3 முதல் 6 வரை, 20 முதல் 25 வரை. இவை உள் மெமரிக்குப் போகும் பாதைகள். அங்கே ஒரு சென்சாரைச் செருகினால், சிஸ்டத்தைப் படிப்பதே தடுமாறும். கணக்குப் போட்டால், இரண்டு கிரவுண்டு பின்களை விட்டுவிட்டு 44-ல் 26 பின்கள் பூட் ஆகும்போது தொடக்கூடாதவை!

இதில் மாணவர்களைத் திட்டிப் புண்ணியமில்லை. குற்றவாளி, எல்லோரும் பிரிண்ட் எடுத்துச் சுவரில் ஒட்டும் அந்த வண்ண வண்ணப் பின் படம்தான். எந்தப் பின் எங்கே என்று அது அழகாகச் சொல்லும். எந்தப் பின் எப்போது என்ன என்பதைப் பெரும்பாலும் சொல்லாது. பீகிள்போனின் கையேட்டில் இந்த எச்சரிக்கை தெளிவாகவே இருக்கிறது, ஆனால் படம் இருக்கும்போது கையேட்டை யார் திறக்கிறார்கள்? இது ஒரு கம்பெனியின் கோளாறும் அல்ல. நிறையப் பேர் முதலில் தொடும் ஈ.எஸ்.பி.32 சில்லில் 12-ஆம் பின் பவர் வரும்போது உயர்ந்த நிலையில் இருந்தால், ஃபிளாஷ் மெமரிக்கு 3.3-க்குப் பதில் 1.8 வோல்ட் போகும். கதை முடிந்தது.

ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டில் நன்றியுரைக்கும் முன்னுரைக்கும் பக்கம் பக்கமாக இடம் கொடுக்கிறார்கள். "பவர் வரும் கணத்தில் ஒவ்வொரு பின்னும் என்ன நிலையில் இருக்கும்" என்று ஒரே ஒரு அட்டவணையை ரிவ்யூவில் கேட்டால் என்ன? அதை எழுத உட்கார்ந்தாலே கையேட்டைத் திறந்துதான் ஆகவேண்டும்.

நிஜமாகவே போர்டு சாவதும் உண்டு, மறுக்கமுடியாது. நீர்மட்டம் அளக்க எல்லோரும் வாங்கும் எச்.சி.-எஸ்.ஆர்.04 சென்சாரின் எக்கோ பின் 5 வோல்ட் தரும், 3.3 வோல்ட் பின்னில் நேராகக் கொடுத்தால் பின் போகலாம், பிராசஸரும் போகலாம். நடுவே இரண்டு ரெசிஸ்டர் போட்டு வோல்டேஜைக் குறைக்கவேண்டும். சென்சாருக்குத் தனி அடாப்டர் வைத்து, போர்டை அணைத்தபிறகும் அதை ஓடவிடுவதும் ஆபத்து. சிக்னல் வயர் வழியாகவே மின்சாரம் கொல்லைப்புறமாக உள்ளே நுழையும்.

ஆனால் செத்ததா இல்லையா என்று பார்க்க இரண்டு நிமிடம் போதும். பவரை எடுத்துவிட்டு, இரண்டு பின் வரிசைகளிலும் உள்ள எல்லா வயரையும் கழற்றி, வெறும் போர்டுக்குப் பவர் கொடுக்கவேண்டும். நீல விளக்குகள் மினுக்கத் தொடங்கினால் போர்டு உயிரோடுதான் இருக்கிறது. பிறகு ஒவ்வொரு தடவையும் பவரை அணைத்து, ஒரு வயரைச் சேர்த்து, மறுபடி போட்டுப் பார்த்தால் வில்லன் தானாக மாட்டுவான். அந்தப் பட்டனுக்கும் வேறு இடம் இல்லாமல் இல்லை. அதே பி8-ல் 7 முதல் 19 வரை பூட்டுக்குச் சம்பந்தமில்லாத பின்கள் பதிமூன்று இருக்கின்றன.