சுடும் முன்பே பயப்படும் கை!

ஊசி போடும்போது கவனித்திருக்கிறீர்களா? நர்ஸ் பஞ்சால் துடைத்ததுமே தோள் இறுகிவிடும். ஊசி இன்னும் உடம்பைத் தொட்டிருக்காது!

துப்பாக்கி சுடுதலிலும் இதே கதைதான்.

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் 2 வெண்கலம் வென்றது நினைவிருக்கும். அந்த இரண்டுமே 10 மீட்டர் ஏர் பிஸ்டலில் வந்தவை. காற்றழுத்தத்தில் சுடும் அந்தத் துப்பாக்கியில் உதைப்பு மிகக் குறைவு. அவர் 4-ம் இடம் பிடித்த 25 மீட்டர் பிஸ்டலில் .22 தோட்டா வெடிக்கும். சத்தமும் உண்டு, உதைப்பும் உண்டு. புதிதாகப் பழகுபவர்களுக்குச் சிக்கல் தொடங்குவதும் இந்த வகைத் துப்பாக்கியில்தான்.

உதைப்பை நாம் உணர்வதற்குள் குண்டு குழலைவிட்டுப் போய்விடும். ஆக, குறியைக் கெடுப்பது பெரும்பாலும் உதைப்பு அல்ல, ‘இதோ உதைக்கப்போகிறது’ என்ற எதிர்பார்ப்பு. அந்தப் பயத்தில் கண் மூடும், பிடி இறுகும், மணிக்கட்டு கீழே அழுத்தும். வலது கைக்காரர் என்றால் குண்டு பெரும்பாலும் இடப்பக்கம் கீழே போய் விழும். இதற்குப் பெயர் ‘ஃப்ளின்ச்’. பலர் இது தெரியாமல் ‘எனக்குக் கண் சரியில்லை’ என்று சோர்ந்துபோகிறார்கள். சிலர் துப்பாக்கியின் குறிமுள்ளைத் திருகிக்கொண்டே இருக்கிறார்கள்.

கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. நிஜத் தோட்டாக்களுக்கு நடுவே டம்மி தோட்டாவைக் கலந்து, பயிற்சியாளர் துப்பாக்கியை நிரப்பித் தருவார். எது டம்மி என்று சுடுபவருக்குத் தெரியாது. டம்மி வரும்போது வெடிக்காது. ஆனால், துப்பாக்கி முனை மட்டும் சட்டென்று தாழும். பயம் கையும் களவுமாகப் பிடிபடும் நொடி அது!

சரிசெய்வது எப்படி?

* தோட்டா இல்லாமல் பழகுங்கள். முனையில் ஒரு நாணயத்தை வைத்து, அது விழாதபடி ட்ரிக்கரை அழுத்துங்கள்.

* ‘இப்போது!’ என்று வெடுக்கென இழுக்காதீர்கள். சீராக அழுத்திக்கொண்டே போங்கள். எப்போது வெடித்தது என்று நீங்களே ஆச்சர்யப்பட வேண்டும்.

* சத்தமும் பயத்தைக் கூட்டும். காதுக்குள் அடைப்பான், அதன்மேல் இயர்மஃப் என்று இரண்டும் அணியலாம்.

* வெடித்த பிறகும் ஒரு நொடி குறியிலேயே நில்லுங்கள்.

எல்லாமே பயிற்சி மையத்தில், பயிற்சியாளர் முன்னிலையில் மட்டும். ‘தோட்டா இல்லை’ என்று நினைத்தாலும் இருமுறை திறந்து பாருங்கள்.

பயம் வருவது தப்பில்லை. சத்தம் கேட்டால் உடம்பு சுருங்குவது இயற்கை. வெடிக்காத துப்பாக்கியில் நூறு முறை பழகிய கைக்கு, வெடிக்கும் துப்பாக்கியும் மெல்ல மெல்லப் பழகிவிடும்.