எதிர்ப்பு சக்தி கூடினால் நல்லதா?

எதிர்ப்பு சக்தி எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு நல்லது என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். அந்தச் சக்தியே வழி தவறி, சொந்த உடம்பைத் தாக்கும் வியாதிகளும் உண்டு, சகோதரிகளே! அதில் ஒன்று ‘மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ்’. 1868-ல் பாரிஸ் டாக்டர் ஷார்கோ இதை விவரமாக எழுதினார். ஆண்களைவிடப் பெண்களைத்தான் அதிகம் பிடிக்கிறது. அதுவும் பெரும்பாலும் 20 வயதிலிருந்து 40-க்குள்.

மின்சார ஒயரின் மேல் ரப்பர் உறை இருக்கிறதல்லவா? மூளை நரம்புகளுக்கும் அப்படி ஒரு உறை உண்டு. ரத்தத்திலுள்ள ‘டி செல்’ என்னும் வீரர்கள் அதை எதிரி என்று எண்ணித் தாக்குகிறார்கள். கை கால் மரத்துப்போகும், பார்வை மங்கும், நடை தள்ளாடும்.

நம் ரத்தத்தில் ‘நேச்சுரல் கில்லர்’ என்ற செல்களும் இருக்கின்றன. பெயரைக் கேட்டால் பயமாக இருக்கும். வேலையோ காவல் வேலை! கிருமி புகுந்த செல்லையும் புற்றுச் செல்லையும் தீர்த்துக்கட்டும். இவற்றில் ஒரு ரகம், வெறிபிடித்த டி செல்களையும் அடக்குகிறது.

சிறுநீரக மாற்று சிகிச்சைக்காக வந்த ‘டாக்லிசுமாப்’ என்ற மருந்தை அமெரிக்க டாக்டர்கள் இந்த வியாதிக்கும் கொடுத்துப் பார்த்தார்கள். அது டி செல்கள் ‘இன்டர்லூகின் 2’ என்ற தீனியைப் பிடித்துக்கொள்ளும் கையைக் கட்டிப்போடுகிறது. மிஞ்சிய தீனி காவல் செல்களுக்குப் போய், அவை பெருகுகின்றன. 2015-ல் வெளியான ஆய்வில், பழைய இன்டர்ஃபெரான் ஊசியைவிட இதில் வியாதி திரும்பத் தாக்குவது 45 சதவீதம் குறைந்தது. 2016-ல் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அனுமதி கிடைத்தது. மாதம் ஒரே ஊசி. எவ்வளவு நிம்மதி!

ஆனால் நிம்மதி நீடிக்கவில்லை. சிலருக்குக் கல்லீரல் கெட்டது. 12 பேருக்கு மூளையிலேயே கடும் அழற்சி வந்தது. அவர்களில் 3 பேர் இறந்தார்கள். 2018 மார்ச்சில் மருந்தை உலகம் முழுவதும் திரும்பப் பெற்றுவிட்டார்கள். டி செல்களில் சமாதானம் செய்துவைக்கும் ரகமும் உண்டு. அதற்கும் அதே தீனிதான் உயிர். மருந்து அதையும் குறைத்துவிட்டது. ஒரு பக்கம் தூக்கினால் மறுபக்கம் தாழ்கிறது, தராசு மாதிரி.

என் ஓரகத்தி மகளுக்கு இந்த வியாதி. இன்டர்ஃபெரான் ஊசி போடுகிறார்கள். அதுவும் அந்தக் காவல் ரகத்தைக் கூட்டுகிறதாம். “இதோட சீந்தில் கஷாயமும் குடுத்தா எதிர்ப்பு சக்தி கூடுமேக்கா?” என்று ஓரகத்தி கேட்டாள். “கூட்ட வேண்டிய வியாதியா இது? டாக்டரைக் கேக்காம ஒரு வாய்கூடக் குடுக்காதே” என்றேன். சீந்தில் சாப்பிட்ட சிலருக்குக் கல்லீரல் பாதித்ததை 2021-ல் மும்பை டாக்டர்கள் எழுதியிருக்கிறார்களே!

இப்படிப்பட்ட மருந்து சாப்பிடுகிறவர்கள் வீட்டில் இருந்தால் சில விஷயங்களைக் கவனியுங்கள்:

டாக்டர் சொன்ன தேதியில் ரத்தப் பரிசோதனையும் கல்லீரல் பரிசோதனையும் தவறக் கூடாது.

கண் மஞ்சளானாலோ, சிறுநீர் கறுத்தாலோ, ஜுரத்தோடு குழப்பமாகப் பேசினாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கஷாயம், லேகியம், சத்து மாத்திரை எதுவானாலும் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

“இப்போ நல்லாத்தானே இருக்கா” என்று ஊசியை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அந்த நல்லபடி இருப்பதே ஊசியின் புண்ணியமாக இருக்கலாம்!