பரங்கிமலைப் பயிற்சியும் பெண்களின் உரிமையும்

மாதவரம், திருவொற்றியூர், எண்ணூர்ப் பகுதிகளில் ஆலைகளுக்கும் துறைமுகத்துக்கும் எவரும் வழி சொல்வர். அதே நகரின் தென்புறத்தே, பரங்கிமலையடியில், பாரத சேனைக்கு அதிகாரிகளை ஆக்கித் தரும் கலாசாலையொன்று அறுபது வருஷங்களாக நடைபெறுவதை நம் வாலிபர்களில் எத்தனை பேர் அறிவர்? யுவதிகளில் எத்தனை பேர்?

1962-இல் சீனப் படையெடுப்பின்போது நேர்ந்த தோல்வி, சேனையில் இளம் அதிகாரிகள் போதாமையைச் சர்க்காருக்கு உணர்த்திற்று. அதன் பயனாக 1963-இல் சென்னையிலும் புனாவிலும் பயிற்சிப் பள்ளிகள் தோன்றின. புனாப் பள்ளி விரைவில் மூடப்பட்டது. சென்னைப் பள்ளியோ நிலைத்து, 1965 முதல் குறுகிய கால உத்தியோகத்துக்கு ஆட்களைத் தயாரித்து, 1988-இல் அகாடமி என்ற பெயரைப் பெற்றது.

1992-இல் இங்கே முதன்முறையாகப் பெண்கள் சேர்க்கப்பட்டனர். இதைப் புதுமையென வியந்தவர்களுக்கு நாம் ஒன்று நினைவூட்டுவோம். 1943 அக்டோபரிலேயே நேதாஜி சிங்கப்பூரில் ஜான்ஸி ராணிப் படைக்குப் பயிற்சி முகாம் திறந்தார். மலேயாத் தோட்டங்களின் தமிழ்ப் பெண்கள் பலர் அங்கே துப்பாக்கி ஏந்தினர். அவர்களுக்குத் தலைமை தாங்கிய லக்ஷ்மி, சென்னை வைத்தியக் கல்லூரியில் பயின்றவர். நாடு கடந்த சர்க்கார் செய்ததைச் சுதந்தர சர்க்கார் செய்ய அரை நூற்றாண்டு பிடித்தது!

சேர்த்த பின்பும் நீதி முழுமை பெறவில்லை. ஆண்களுக்கு நிரந்தர உத்தியோக வாய்ப்பு இருந்தது. பெண்களுள் பெரும்பாலோர்க்கோ அது மறுக்கப்பட்டது. 2010-இல் டில்லி ஹைகோர்ட் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தும், சர்க்கார் அப்பீல் செய்து பத்தாண்டு கடத்தினர். கிராமத்துச் சிப்பாய்கள் பெண்ணின் உத்தரவை ஏற்க மனம் பக்குவப்படவில்லை என்பதும் அவர்கள் கூறிய நியாயங்களுள் ஒன்று. சிப்பாயின் மீது பழிபோட்டுத் தப்பும் இவ்வாதத்தைக் காட்டிலும் சேனைக்கு இழிவு தருவது வேறில்லை. உத்தரவுக்குக் கீழ்ப்படிதலன்றோ அவன் கற்கும் முதற்பாடம்? 2020 பிப்ரவரி 17-இல் சுப்ரீம் கோர்ட் இதை நிராகரித்து, நிரந்தர உத்தியோகத்துக்கும் தலைமைப் பதவிகளுக்கும் பெண்களைப் பரிசீலிக்க வேண்டுமெனத் தீர்த்தது. 2021 மார்ச்சில், நிரந்தர உத்தியோகத்துக்குப் பெண்களைத் தேர்ந்த முறையிலும் பாரபட்சம் இருந்ததென்று அக்கோர்ட்டே மறுபடி சொல்ல நேர்ந்தது.

2023 ஏப்ரலில் ஐந்து பெண்கள் பரங்கிமலையிலிருந்து நேரே பீரங்கிப் படைக்குச் சென்றனர். காலாட்படையின் கதவு இன்னும் திறக்கவில்லை. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே மைதானத்தில் 49 வாரப் பயிற்சி கொடுத்த பின்னர், வாசலில் மட்டும் இரு வழி எதற்கு என்பதற்குச் சர்க்கார்தான் விடை பகர வேண்டும்.