அங்கீகாரம் முடிந்தது, இறையாண்மைப் போராட்டம் முடியவில்லை: திமோர்-லெஸ்தேயின் அனுபவம்

2025 அக்டோபர் 26 அன்று கோலாலம்பூரில் கூடிய ஆசியான் உச்சி மாநாட்டில், திமோர்-லெஸ்தே அந்த அமைப்பின் 11ஆவது உறுப்பு நாடாக முறைப்படி சேர்த்துக்கொள்ளப்பட்டது. ஏறத்தாழ 14 லட்சம் மக்களைக் கொண்ட இந்தச் சின்னஞ்சிறு நாடு, 2011இல் அளித்த விண்ணப்பத்திற்கு 14 ஆண்டுகள் காத்திருந்தது. தேசியக் கொடி ஏற்றப்பட்டபோது நாட்டின் சார்பில் அங்கே நின்றவர் பிரதமர் ஷனானா குஸ்மாவோ. ஒரு காலத்தில் காடுகளில் கெரில்லாப் படைக்குத் தலைமை தாங்கியவர், 1992இல் பிடிபட்டு இந்தோனேஷியச் சிறையில் ஆண்டுக்கணக்கில் அடைபட்டிருந்தவர் அவர். அவரது நாட்டை ஆக்கிரமித்திருந்த இந்தோனேஷியாவே இன்று அதே அவையில் சக உறுப்பினர்.

வல்லமை மிக்க அண்டை நாடுகளுக்கு நடுவே ஒரு சிறிய ஜனநாயகம் உலக அங்கீகாரம் பெற்ற வெற்றிக் கதையாக இந்நிகழ்வு வர்ணிக்கப்படுகிறது. அது உண்மைதான். ஆனால் அந்த அங்கீகாரத்தை இத்தனை காலம் தடுத்து நிறுத்தியவர்கள் யார், எந்த ஆதாயத்துக்காகத் தடுத்தார்கள், அங்கீகாரம் கிடைத்த பிறகும் எதைப் பறித்துக்கொள்ள முயன்றார்கள் என்ற கேள்விகளை விட்டுவிட்டு இக்கதையைச் சொல்ல இயலாது.

கடலடியில் கிடந்த காரணம்

போர்த்துகீசியக் காலனியாக இருந்த கிழக்குத் திமோர், லிஸ்பனில் 1974இல் பாசிச ஆட்சி வீழ்ந்ததைத் தொடர்ந்து விடுதலைப் பாதையில் அடியெடுத்து வைத்தது. 1975 நவம்பர் 28 அன்று பிரெட்டிலின் இயக்கம் சுதந்திரத்தைப் பிரகடனம் செய்தது. அந்தப் புதிய குடியரசை அங்கீகரித்தவை மொசாம்பிக், கினி-பிசாவ் போன்ற சில நாடுகள் மட்டுமே. சரியாக ஒன்பதே நாட்களில், டிசம்பர் 7 அன்று, இந்தோனேஷிய ராணுவம் படையெடுத்தது. முந்தைய நாள்தான் அமெரிக்க ஜனாதிபதி ஜெரால்டு போர்டும் வெளியுறவு அமைச்சர் ஹென்றி கிஸ்ஸிங்கரும் ஜகார்த்தாவில் சுகார்த்தோவைச் சந்தித்துச் சம்மதம் தெரிவித்திருந்தனர். அச்சந்திப்பின் குறிப்புகள் பின்னாளில் வெளியாகி இதை ஐயமற உறுதிப்படுத்தின. 1965-66இல் லட்சக்கணக்கான கம்யூனிஸ்டுகளையும் ஆதரவாளர்களையும் கொன்று குவித்து அதிகாரத்துக்கு வந்த சுகார்த்தோ, வாஷிங்டனுக்கு மிகவும் வேண்டியவர். பிரெட்டிலினைக் 'கம்யூனிஸ்ட் அபாயம்' என்று முத்திரை குத்தியதே படையெடுப்புக்குப் போதுமான நியாயமாக ஆக்கப்பட்டது.

ஆஸ்திரேலியாவுக்கோ மற்றொரு காரணமும் இருந்தது. திமோர்க் கடலின் அடியில் எண்ணெயும் எரிவாயுவும் உள்ளன. 1972இல் இந்தோனேஷியாவுடன் கடற்படுகை எல்லையைத் தனக்குச் சாதகமாக வகுத்துக்கொண்ட ஆஸ்திரேலியாவால், போர்த்துகீசியத் திமோரை ஒட்டிய இடைவெளியை மட்டும் அடைக்க முடியவில்லை. 'கிரேட்டர் சன்ரைஸ்' எரிவாயு வயல் 1974இல் கண்டறியப்பட்டது. போர்த்துகலுடனோ சுதந்திரத் திமோருடனோ பேசுவதைவிட இந்தோனேஷியாவுடன் பேசினால் அந்த இடைவெளியை எளிதில் அடைத்துவிடலாம் என்று, படையெடுப்புக்குச் சில மாதங்கள் முன்பே, ஜகார்த்தாவிலிருந்த ஆஸ்திரேலியத் தூதர் தமது அரசுக்கு எழுதினார்.

அந்த ஆலோசனையின்படியே காரியங்கள் நடந்தன. ஐ.நா. பாதுகாப்பு கவுன்சிலின் 384, 389ஆம் எண் தீர்மானங்கள் இந்தோனேஷியப் படைகள் வெளியேற வேண்டும் என்று கோரியிருந்தும், 1979இல் ஆஸ்திரேலியா இந்த இணைப்பைச் சட்டப்படி அங்கீகரித்தது. 1989 டிசம்பரில் திமோர்க் கடலுக்கு மேலே பறந்த விமானத்தில் இரு நாட்டு வெளியுறவு அமைச்சர்களும் ஷாம்பெயின் கோப்பைகளை உயர்த்தி, எண்ணெய் வளத்தைப் பங்கிட்டுக்கொள்ளும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டனர். கீழே இருந்த தீவில் பட்டினியும் படுகொலையும் தொடர்ந்துகொண்டிருந்தன. 1974 முதல் 1999 வரை மோதல் தொடர்பாக மாண்டவர்கள் குறைந்தபட்சம் சுமார் 1,02,800 பேர் என்று உண்மை கண்டறியும் ஆணையம் பின்னர் மதிப்பிட்டது. அவர்களில் பெரும்பாலோரைக் கொன்றவை பசியும் நோயும்.

இந்தியா எங்கே நின்றது?

1975 டிசம்பர் 12 அன்று ஐ.நா. பொதுச்சபையில் படையெடுப்பைக் கண்டிக்கும் தீர்மானம் வாக்கெடுப்புக்கு வந்தது. சோவியத் யூனியன், சீனா, விடுதலை பெற்ற ஆப்பிரிக்க நாடுகள் பலவும் ஆதரிக்க, 72 வாக்குகளுடன் தீர்மானம் நிறைவேறியது. எதிர்த்து வாக்களித்த பத்து நாடுகளுள் இந்தியாவும் ஒன்று. காலனியாதிக்கத்தை எதிர்த்துப் போராடிப் பிறந்த நாடு, அணிசேரா இயக்கத்தை உருவாக்கிய நாடு, ஒரு சிறிய மக்களின் சுயநிர்ணய உரிமைக்கு எதிராகக் கை உயர்த்தியது. எந்த ராஜதந்திரக் கணக்கில் அந்த வாக்கு அளிக்கப்பட்டிருந்தாலும், இந்திய வெளியுறவு வரலாற்றில் அது ஒரு கறை.

2024 ஆகஸ்டில் குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு டிலி நகருக்குச் சென்றபோது, இந்திய அரசுத் தலைவர் ஒருவர் அங்கு மேற்கொண்ட முதல் பயணம் அது என்று பெருமையுடன் பேசப்பட்டது. டிலியில் இந்தியத் தூதரகம் திறக்கும் முடிவும் வரவேற்கத்தக்கதே. ஆனால் நட்பின் புதிய அத்தியாயத்தை எழுத விரும்புவோர் பழைய பக்கத்தையும் படிக்கவேண்டும். இன்று மேற்கு சகாராவிலும் பாலஸ்தீனத்திலும் சுயநிர்ணய உரிமைக்கான குரல் எழும்போது புதுதில்லி எங்கே நிற்கிறது என்ற கேள்வியும் அப்பக்கத்திலிருந்தே பிறக்கிறது. மேற்கு சகாரா மக்களின் குடியரசை அங்கீகரித்து உறவு கொண்டுள்ள நாடுகளுள் திமோர்-லெஸ்தேயும் ஒன்று என்பது குறிப்பிடத்தக்கது.

மீட்பர் வேடத்தில் அபகரிப்பு

1991 நவம்பர் 12 அன்று சாந்தா குரூஸ் இடுகாட்டில் நடந்த படுகொலையின் காட்சிகள் உலகை உலுக்கின. 1998இல் சுகார்த்தோ வீழ்ந்தார். 1999 ஆகஸ்ட் 30 அன்று நடந்த வாக்கெடுப்பில் 78.5 விழுக்காட்டினர் விடுதலையைத் தேர்ந்தனர். இந்தோனேஷிய ராணுவத்தின் ஏவலில் இயங்கிய ஆயுதக் கும்பல்கள் நாட்டையே தீக்கிரையாக்கிய பின்னர், ஆஸ்திரேலியாவின் தலைமையில் சர்வதேசப் படை வந்திறங்கியது. இருபது ஆண்டுகள் ஆக்கிரமிப்பை அங்கீகரித்திருந்த நாடு, ஒரே மாதத்தில் மீட்பராகப் போற்றப்பட்டது.

அந்த மீட்பரின் மறுகரம் என்ன செய்துகொண்டிருந்தது? 2002 மே 20 அன்று திமோர்-லெஸ்தே சுதந்திர நாடாயிற்று. அதற்கு இரண்டு மாதங்கள் முன்பு, மார்ச் மாதத்தில், கடல் எல்லைத் தகராறுகளில் சர்வதேச நீதிமன்றத்தின் கட்டாய அதிகார வரம்பிலிருந்து ஆஸ்திரேலியா விலகிக்கொண்டது. பிறக்கவிருக்கும் அண்டை நாடு தன்னை நீதிமன்றத்துக்கு இழுத்துவிடக் கூடாது என்ற முன்னெச்சரிக்கையே இது. சுதந்திர நாளன்றே கையெழுத்தான ஒப்பந்தம், கூட்டு மண்டலத்தின் வருவாயில் 90 விழுக்காட்டைத் திமோருக்கு அளித்தது. பெருந்தன்மையாகத் தோன்றும் இந்தக் கணக்கில் ஒரு சூது இருந்தது. மிகப் பெரிய வயலான கிரேட்டர் சன்ரைஸில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பகுதி மட்டுமே அந்த மண்டலத்துக்குள் அடங்கியது. எஞ்சியதை ஆஸ்திரேலியா தன்னுடையதாகக் கணக்கிட்டது.

2004இல் நடந்தது இன்னும் கீழ்த்தரமானது. உதவித் திட்டத்தின் பேரில் டிலியின் அரசு அலுவலகங்களில் நடந்த கட்டுமான வேலைகளைப் பயன்படுத்தி, ஆஸ்திரேலிய வெளிநாட்டு உளவுத்துறை அமைச்சரவை அறைகளில் ஒட்டுக்கேட்புக் கருவிகளைப் பொருத்தியது என்பதை அத்துறையின் முன்னாள் அதிகாரியே வெளிப்படுத்தினார். உலகின் மிக ஏழை நாடுகளில் ஒன்று, பேச்சுவார்த்தை மேசையில் என்ன கேட்கப்போகிறது என்பதை எதிர்த்தரப்பு முன்கூட்டியே கேட்டுக்கொண்டிருந்தது. அந்நிலையில்தான் 2006இல், சன்ரைஸ் வருவாயைச் சரிபாதியாகப் பிரித்து, எல்லைக் கோரிக்கையை 50 ஆண்டுகள் முடக்கிவைக்கும் ஒப்பந்தம் திணிக்கப்பட்டது.

உண்மையைச் சொன்னவர்கள்தாம் தண்டிக்கப்பட்டார்கள். 2013 டிசம்பரில் திமோரின் வழக்கறிஞர் பெர்னார்டு கொலேரியின் அலுவலகத்தில் ஆஸ்திரேலிய அதிகாரிகள் புகுந்து ஆவணங்களை அள்ளிச் சென்றனர். 'சாட்சி கே' என்று மட்டுமே அறியப்படும் அந்த அதிகாரிக்கு 2021இல் நிறுத்திவைக்கப்பட்ட சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. கொலேரி மீதான வழக்கு, ஆட்சி மாற்றத்துக்குப் பின் 2022இல்தான் கைவிடப்பட்டது. ஜனநாயகம், சட்டத்தின் ஆட்சி என்று பசிபிக் தீவுகளுக்குப் பாடம் நடத்தும் அரசின் நடத்தை இது.

வென்றது எப்படி?

நீதிமன்றக் கதவு சாத்தப்பட்டிருந்த நிலையில், ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கையில் அதுவரை எந்த நாடும் பயன்படுத்தியிராத கட்டாயச் சமரச வழிமுறையை 2016இல் திமோர்-லெஸ்தே கையிலெடுத்தது. தனக்கு அது பொருந்தாது என்ற ஆஸ்திரேலியாவின் வாதம் நிராகரிக்கப்பட்டது. 2018 மார்ச் 6 அன்று நியூயார்க்கில் கையெழுத்தான எல்லை ஒப்பந்தம், பெருமளவு நடுக்கோட்டு நெறியை ஏற்றது. சன்ரைஸ் வருவாயில் குழாய் திமோருக்கு வந்தால் 70 விழுக்காடும், ஆஸ்திரேலியாவுக்குச் சென்றால் 80 விழுக்காடும் திமோருக்கு உரியவை ஆயின. அதற்குமுன் ஆஸ்திரேலியா எடுத்துக்கொண்ட வருவாய் மட்டும் திருப்பித் தரப்படவில்லை.

இந்த வெற்றியை வழக்கறிஞர்களின் திறமை மட்டும் தேடித் தரவில்லை. டிலியில் ஆஸ்திரேலியத் தூதரகத்தின் முன் ஆயிரக்கணக்கானோர் திரண்டனர். ஆஸ்திரேலியாவுக்குள்ளும் நீதிகேட்டு இயக்கம் நடந்தது. அதற்கு நீண்ட மரபு உண்டு. 1970களில் வெளியுலகுடன் தொடர்பற்றுப் போன பிரெட்டிலின் போராளிகளின் செய்திகளை, டார்வின் பகுதியில் இரகசிய வானொலி நிலையம் வைத்துக் கேட்டு உலகுக்குச் சொன்னவர்களில் ஆஸ்திரேலியக் கம்யூனிஸ்டுகள் முன்னணியில் நின்றனர். 1999இல் அந்நாட்டுத் துறைமுகத் தொழிலாளர்கள் இந்தோனேஷியச் சரக்குகளைக் கையாள மறுத்தனர். கான்பெராவின் அரசு ஒரு பக்கம் நின்றபோது, அந்நாட்டு உழைக்கும் மக்கள் மறுபக்கம் நின்றார்கள்.

கியூபாவின் பங்கும் மறக்கத்தக்கதன்று. எரிவாயுப் பங்கீட்டில் பணக்கார அண்டை நாடு பேரம் பேசிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், உலகின் மறுகோடியிலிருந்த கியூபா நூற்றுக்கணக்கான மருத்துவர்களைத் திமோரின் கிராமங்களுக்கு அனுப்பியது. சுமார் ஆயிரம் திமோரிய இளைஞர்களுக்கு மருத்துவக் கல்வி அளிக்க முன்வந்தது. இன்று அந்நாட்டின் மலைக்கிராமச் சுகாதார நிலையங்களில் பணிபுரிவோரில் பலர் அவ்வாறு பயின்றவர்களே. கூட்டாளி என்ற சொல்லுக்கு உரிய பொருளை இந்த ஒப்பீடு விளக்கும்.

எஞ்சியிருக்கும் போராட்டம்

கிரேட்டர் சன்ரைஸிலிருந்து இன்றுவரை எரிவாயு எடுக்கப்படவில்லை. குழாய் டார்வினுக்கா, திமோரின் தென்கரைக்கா என்பதே பிணக்கு. அவ்வயலில் 56.56 விழுக்காட்டைத் திமோரின் அரசு நிறுவனம் வாங்கிவிட்டபோதிலும், இயக்கும் பொறுப்பு ஆஸ்திரேலியாவின் வுட்சைடு நிறுவனத்திடம் உள்ளது. நாட்டுக்கு வருவாய் அளித்துவந்த பேயு-உண்டான் வயலில் 2025இல் உற்பத்தி நின்றுவிட்டது. அரசின் செலவுகள் பெரும்பாலும் 2005இல் தொடங்கப்பட்ட பெட்ரோலிய நிதியிலிருந்து எடுக்கப்படும் பணத்தில் நடக்கின்றன. சொந்த நாணயம் இல்லை. அமெரிக்க டாலரே புழக்கத்தில் உள்ளது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் ஏறத்தாழப் பாதிப்பேர் சத்துக்குறைவால் வளர்ச்சி குன்றியவர்கள். எரிவாயு வருவாய் வேளாண்மைக்கும் கல்விக்கும் சுகாதாரத்துக்கும் திருப்பப்படாவிட்டால், கடல் எல்லையில் பெற்ற வெற்றி ஏழையின் அடுப்படிக்கு வந்துசேராது.

ஆசியான் உறுப்புரிமை இதற்குத் தானாகத் தீர்வு தராது. பெரும் மூலதனங்களுக்குச் சந்தையைத் திறந்துவிடும் நிர்ப்பந்தமும் அதனுடன் சேர்ந்தே வரும். மறுபுறம், சீனா டிலியில் அரசுக் கட்டடங்கள் கட்டித் தந்தாலோ ஒத்துழைப்பு ஒப்பந்தம் செய்தாலோ உடனே 'அபாயம்' என்று கூக்குரலிடுவோர், அமைச்சரவையை ஒட்டுக்கேட்ட அண்டை நாட்டைப் பற்றி வாய் திறப்பதில்லை. யாருடன் உறவு கொள்வது, எந்த அளவுக்கு என்பதைத் தீர்மானிக்கும் உரிமை திமோர் மக்களுடையது. மியான்மர் ராணுவ ஆட்சியை எதிர்க்கும் ஜனநாயக சக்திகளின் பிரதிநிதிகளை டிலி வரவேற்றதும், அதற்காக 2023இல் தன் தூதரக அதிகாரி வெளியேற்றப்பட்டதைத் தாங்கிக்கொண்டதும், அந்நாடு அண்டை நாடுகளின் முகம் பார்த்து மட்டும் பேசுவதில்லை என்பதைக் காட்டின.

உள்நாட்டிலும் மக்கள் விழித்திருக்கிறார்கள். 2025 செப்டம்பரில், நாடாளுமன்ற உறுப்பினர்கள் 65 பேருக்கும் புதிய சொகுசுக் கார்கள் வாங்கும் திட்டத்தை எதிர்த்து மாணவர்கள் டிலி வீதிகளில் இறங்கினர். கார் வாங்கும் முடிவு கைவிடப்பட்டது; உறுப்பினர்களின் வாழ்நாள் ஓய்வூதியத்தையும் நாடாளுமன்றம் ரத்து செய்ய நேர்ந்தது. ஆசியான் மேடையில் கொடி ஏறியதற்கு ஒரு மாதம் முன்பு நடந்த இந்நிகழ்வு, அக்கொடி யாருடையது என்பதை ஆட்சியாளர்களுக்கு நினைவூட்டியது.

1975இல் ஒன்பது நாட்களில் பறிக்கப்பட்ட குடியரசு, 27 ஆண்டுகள் கழித்து மீட்கப்பட்டது. அதன் கடல் எல்லைக்கு மேலும் 16 ஆண்டுகள் பிடித்தன. அந்த எரிவாயு எந்தக் கரையைச் சேரும், அதன் பயன் யாரைச் சேரும் என்பதே அடுத்த கட்டப் போராட்டம். அதில் திமோர் மக்களின் பக்கம் நிற்பது, 1975 டிசம்பரில் தவறான பக்கம் நின்ற இந்தியாவின் ஜனநாயக சக்திகளுக்குக் கூடுதல் கடமையாகும்.